நாற்காலிக்கு முதுகு காட்டாதவன்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் குரு வணக்க நாளுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். ‘குருவை நான் வணங்கிய விதம்’ என்று ஆளுக்கு ஒரு கட்டுரை. மலரைத் தொகுக்கும் தையற்காரர் என்னிடமும் கேட்டார்.

மூட்டை தூக்குகிறவனான எனக்கு எழுத்து வந்ததே தலை நரைத்த பிறகுதான். தோத்திரம் பாடும்போது அடுத்தவர் வாயைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தவனை, அம்மா தனியே உட்காரவைத்து ‘அ’விலிருந்து ஆரம்பித்தார். அம்மா என்பது எங்கள் குரு. வயதில் என்னைவிடச் சின்னவர்.

ஆரம்பம் ஒன்று: ‘குரு என்பவர் நம் அக இருளை நீக்கி…’

இது தையற்காரர் சொல்லிக்கொடுத்த வரி. குறை சொல்ல முடியாது. ஆனால் அளவெடுக்காமல் தைத்த சட்டை மாதிரி, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பாதியில் விட்டுவிட்டேன்.

ஆரம்பம் இரண்டு: ‘ஒரு நாற்காலி மாடிப்படியில் சிக்கிக்கொண்டது.’

இதைத் தூக்க எனக்குப் பிடி கிடைக்கிறது. இதுவே இருக்கட்டும்.

2

நாற்காலி அம்மாவுடையது. தேக்கு மரம், அகலமான கைகள், இரண்டு ஆள் சுமை. அதில் அமர்ந்துதான் அவர் பாடம் சொல்வார். அவர் இல்லாத நேரத்திலும் அதை வணங்குவோம். வெளியே போகும்போது அதற்கு முதுகு காட்டாமல், முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே பின்னால் நடந்து போவோம்.

கூடம் இருந்தது மாடியில். அம்மாவின் முழங்கால்கள் படியேற மறுத்துவிட்டன. கீழே ஓர் அறை காலியாக, அங்கேயே மாறிவிடலாம் என்று முடிவானது. நாற்காலியை இறக்கும் வேலை என்னிடம் வந்தது. சுமை என்றதும் எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மறுமுனையைப் பிடிக்க ஒருவன் வேண்டும். நல்ல ஆள் ஒருவன்தான். அவன் என்னோடு பேசுவதில்லை.

3

மச்சானைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது. (அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் மனைவி படித்துக் காட்டிவிடுவாள். அவள் தம்பி அவன்.)

கிடங்கில் நானும் அவனும் ஜோடி. பீரோவோ இயந்திரமோ, படியில் இறக்க வேண்டுமென்றால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். நான் கீழ்ப்பக்கம். சுமையை முதுகில் வாங்கிக்கொண்டு, படியைப் பார்த்து இறங்குவேன். மேலே இருப்பவனுக்குச் சுமை மறைத்துவிடும், தன் காலே தெரியாது. அதனால் நான் குரல் கொடுப்பேன்: “படி… படி… திருப்பம்.” பார்க்கிறவன் சொல்ல வேண்டும், பார்க்காதவன் நம்ப வேண்டும். எங்கள் தொழிலின் வேதம் அவ்வளவுதான்.

நான் முதன்முதலில் அம்மாவின் காலில் விழுந்த செய்தி கிடங்குக்கு வந்தது. “தோளுக்குத் தோள் நின்னவனை விட்டுட்டுக் கால்ல போய் விழுந்துட்டார்” என்று மச்சான் எல்லோரிடமும் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. வேறு ஜோடி தேடிக்கொண்டான். எனக்கு வாய்த்த புது ஜோடி, “படி” என்றால் “எங்கே?” என்று கேட்கிறவர்.

முதல் வரைவில் மச்சானை நாத்திகன் என்று எழுதியிருந்தேன். “அவன் நாத்திகன் இல்லீங்க, ரோஷக்காரன்” என்றாள் மனைவி. அடித்துவிட்டேன்.

வாசகரே, உங்களிடம் மறைப்பானேன். இந்தக் கதையில் நான் முக்தி கேட்கவில்லை. அவன் என்னை மறுபடி ஒரு தடவை “மாமா” என்று கூப்பிட வேண்டும்.

4

அக்கா சொன்னதைத் தட்ட முடியாமல் வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியின் மேல்முனையைப் பிடித்தான். நான் கீழ்ப்படிக்குப் போய், வழக்கம்போல் திரும்பி முதுகைக் கொடுக்கப் போனேன். உடம்பு திரும்பவில்லை. அம்மாவின் இருக்கைக்கா முதுகு காட்டுவது? முகத்தை நாற்காலிக்கு நேரே வைத்துக்கொண்டு, காலைப் பின்னால் துழாவி இறங்க ஆரம்பித்தேன்.

மச்சான் நாற்காலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பீரோ மாதிரி இது மறைக்காது; என் பின்னால் இருக்கும் படி இப்போது அவனுக்குத்தான் தெரியும். பிறகு நாற்காலியிடம் பேசினான்.

“ஏ நாற்காலி, எதிர்ல இருக்கிறவர்கிட்ட சொல்லு. இப்படி எறங்கினா இடுப்பு கழண்டுடும்.”

“நாற்காலி, நானும் சொல்றேன், கேட்டுக்கோ,” என்றேன். “முதுகு காட்ட முடியாது.”

“அப்ப படி வருதுன்னு சொல்லு, நாற்காலி. இன்னொண்ணு… மெதுவா வரச் சொல்லு. மாமனார் வீட்டுப் படின்னு நெனப்பு.”

“என் மாமனார் இவனுக்கு அப்பான்னு சொல்லு.”

நாற்காலிக்கு அந்தப் பக்கம் அவன் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா, பாரமா?

(வணங்குகிற எங்களில் ஒருவரும் அந்த நாற்காலியோடு இவ்வளவு பேசியதில்லை. தையற்காரர் இந்த இடத்தில் கத்தரி போடுவார். போடட்டும்.)

5

படிக்கட்டு திரும்பும் இடத்தில் நாற்காலியின் கை சுவரில் மாட்டிக்கொண்டது. “சாய்க்கச் சொல்லு!” “தூக்கச் சொல்லு!” எங்கள் கூச்சல் கீழ்வரை கேட்டிருக்கிறது. எங்களுக்கு என்ன ஆயிற்றோ என்று, ஏறக்கூடாத முழங்கால்களோடு அம்மா ஏறி வந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. முதுகுக்கு ஏது கண்?

சட்டென்று நாற்காலி விடுபட்டது. பாரம் முழுக்க என் மேல் சரிய, காலைப் பின்னால் எடுத்தேன்.

“மாமா! காலை வைக்காதே! அம்மா நிக்கிறாங்க!”

இது நாற்காலிக்குச் சொன்னது இல்லை. பதற்றத்தில் ‘வைக்காதீங்க’ போய்விட்டது. போனால் போகிறது, மாமா வந்துவிட்டதே.

என் கால் அந்தரத்தில் நின்றது. மேலே மச்சான் பற்களைக் கடித்துப் பாரத்தை இழுத்துப் பிடித்திருந்தான். பின்னாலிருந்து, என் தோளருகே, அம்மாவின் சிரிப்பு.

“நாற்காலிக்கு முதுகு காட்டக்கூடாதுன்னு, எனக்குக் காட்டிக்கிட்டே வர்றீங்களே.”

திரும்பினால் நாற்காலிக்கு முதுகு. திரும்பாவிட்டால் அம்மாவுக்கு. “நான் என்னம்மா செய்யட்டும்?” என்றேன்.

“இப்போ அவர் சொல்றதைக் கேளுங்க.” பிறகு மேலே பார்த்து, “தம்பி, நான் முதல்ல எறங்கிக்கிறேன். அப்புறம் நீங்க இவருக்குச் சொல்லுங்க.”

சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கும்வரை மச்சான் அசையவில்லை. பிறகு சொல்லத் தொடங்கினான். “மாமா, படி. மாமா, இன்னொரு படி.” படிக்கு ஒரு மாமா. அந்தப் படிக்கட்டைக் கட்டியவர் இன்னும் கொஞ்சம் நீளமாகக் கட்டியிருக்கலாம்.

6

இனி முடிவு.

தையற்காரருக்குப் பிடித்த முடிவு: மச்சான் கண்ணீர் மல்க அம்மாவின் திருவடிகளில் விழுகிறான். எழுதிப் பார்த்தேன். மனைவி படித்துக் காட்டியதும் நேரே வீட்டுக்கு வந்துவிட்டான். “கதையில என்னைக் குனிய வெச்சீங்கன்னா, அடுத்த பீரோவை நீங்களே தலையில தூக்கிக்கங்க.” (கவனித்தீர்களா? அடுத்த பீரோ.)

மச்சானுக்குப் பிடித்த முடிவு: ‘ஆகவே காலைவிடத் தோளே பெரிது என்று நான் உணர்ந்து…’

இதையும் தூக்க முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கீழ் அறையில் நாற்காலியை வைத்தோம். அம்மா அமர்ந்தார். நான் அவர் எதிரே கைகூப்பி நின்றேன். மச்சான் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என்னைத் தாண்டி வாசலுக்குப் போனான். அங்கேதான் அவன் செருப்பு கிடந்தது.

“தம்பி, உள்ளே வந்து உக்காந்துட்டுப் போங்க,” என்றார் அம்மா.

என் முதுகுக்குப் பின்னால் செருப்பு வார் உரசும் சத்தம் கேட்டது. மாட்டுகிற சத்தமும் கழற்றுகிற சத்தமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் எப்போதும்போல் சிரித்துக்கொண்டிருந்தார். அதை வைத்தும் எதுவும் சொல்ல முடியாது.

பிறகு அவனையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். “எழுதறவருக்குத் தெரியாததா, மாமா?” என்கிறான்.

நான் இன்னும் அங்கேதான், அம்மாவைப் பார்த்தபடி நிற்கிறேன். திரும்ப மாட்டேன். நீங்கள் தாளின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்க்கிறீர்கள்; என் தோளுக்கு மேலே வாசல் உங்களுக்குத் தெரியும். பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும். நம்புவது என் பொறுப்பு.

சொல்லுங்கள். வருகிறானா?