துணைக்கு வந்தவர்கள்

வேலைக்காகத்தான் அவள் ஊர் மாறினாள் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவள் மாறியது ஒரு கதவுக்காக.

பிறந்த வீட்டில் இரண்டு அறை, எட்டுப் பேர். அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்கள், ஓர் அண்ணி, கல்யாணமே வேண்டாம் என்ற சித்தப்பா, கல்யாணம் போதும் என்று திரும்பி வந்த அத்தை, அவள். நுண்ணுயிரியலில் எம்.எஸ்ஸி. வாங்கும்வரை அவள் படித்தது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலிருந்த நடைவழியில். யார் எங்கே போனாலும் அவளுடைய நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். சித்தப்பா பல் தேய்த்துக்கொண்டே வந்து புத்தகத்தை எட்டிப் பார்ப்பார்.

"இந்தப் புழுவெல்லாம் நம்ம உடம்புக்குள்ளயா இருக்கு?"

"புழு இல்ல சித்தப்பா. பாக்டீரியா."

"ஏதோ ஒண்ணு. வாடகை குடுக்காம உக்காந்திருக்கு, அதானே?"

பத்து வருஷமாக அந்த வீட்டில் வாடகை கொடுக்காமல் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

ஐஸ்கிரீம் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர். அதைப் பெரிய ஊர் என்று சொல்ல முடியாது; சின்ன ஊர் என்று சொன்னால் அங்கே இருக்கிறவர்களுக்குக் கோபம் வரும். ஊரில் ஒரே ஒரு மேம்பாலம் இருந்தது. எந்த வழி கேட்டாலும் "நம்ம பாலத்துலேர்ந்து" என்று ஆரம்பித்தார்கள்.

மாடி அறை ஒன்று காலியாக இருந்தது. வீட்டுக்காரர் முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பிடிக்காத பேச்சு வந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

"வாடகை பத்திப் பேச்சே இல்லம்மா. நீ தனியா இருக்கப் போறே பாரு, அதான் யோசனையா இருக்கு."

தனியாக இருக்கத்தானே அறை கேட்கிறோம் என்று அவள் நினைத்தாள். "ஆமா சார்" என்றாள்.

"இந்த ஊர்ல உனக்குப் பொறுப்பா ஒரு குடும்பஸ்தர் இருக்கணும். கார்டியன். நேர்ல வந்து எங்கிட்டப் பேசணும்."

"எனக்கு இருபத்தாறு வயசு சார்."

"எனக்கு அறுபத்தெட்டு. வீட்டம்மாகிட்டச் சொல்லாம நான் தெருமுனைக்குக்கூடப் போறதில்ல." கால் தரையை நன்றாக அழுத்தியது.

தொழிற்சாலையில் அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு லாரிகூட வாசலைத் தாண்டாது. இந்த ஐஸ்கிரீமைச் சாப்பிட்டால் ஊருக்கு ஒன்றும் ஆகாது என்று அவள் உறுதி சொல்ல வேண்டும். அவளால் ஊருக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதி சொல்லத்தான் ஆள் இல்லை.

அதற்கு முன்வந்தவர் பர்சேஸ் அக்கா. பரிசோதனைத் தட்டிலிருந்து பினாயில்வரை தொழிற்சாலைக்கு வேண்டியதையெல்லாம் வாங்கிப் போடுகிறவர்.

"அவ்வளவுதானா? நான் வந்து பேசறேன். நீ என் தங்கச்சி மாதிரி. பொண்ணு மாதிரின்னு சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் அவ்வளவு வயசாகல."

வந்தார், பேசினார். "இவளுக்கு நான் பொறுப்பு" என்றார். வீட்டுக்காரரின் கால் தரையிலிருந்து மெல்ல எழுந்தது.

அறையில் ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஒரு மேஜை, உள்ளே தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவு. முதல் நாள் சாயங்காலம் அவள் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள். நாற்காலியை அறையின் நட்டநடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் தாண்டிப் போகவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷம் சனிக்கிழமைவரை தாக்குப்பிடித்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் பர்சேஸ் அக்கா வந்தார். கையில் ஒரு துணிப்பை.

"தனியா இருக்கியேன்னு மனசே கேக்கலம்மா."

உள்ளே வந்து ஜன்னலைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், கட்டிலைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை அவரே போட்டார். பையிலிருந்து ஒரு தலையணையை எடுத்தார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் முதுகைச் சாய்ச்சுக்கறேன். அப்புறம் பேசலாம்."

விளக்குப் போடும் நேரத்தில் எழுந்து வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். "பேசிட்டிருந்ததுல நேரம் போனதே தெரியல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தலையணையை விட்டுவிட்டுப் போனார்.

அக்காவின் வீட்டில் மாமனார், மாமியார், கணவர், இரண்டு பையன்கள். அந்த ஐந்து பேருக்கும் அக்கா இல்லாமல் அவரவர் சட்டைகூடக் கண்ணில் படாது. ஓய்வு வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தால், யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டிருப்பார்கள். "பாவம், அந்தப் பொண்ணு தனியா இருந்து பயப்படுது, துணைக்குப் போயிட்டு வரேன்" என்று சொன்னபோது மாமியாரே "போயிட்டு வாம்மா" என்றாராம்.

பரிசோதனைக் கூடத்தில் கிருமிகளை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தால், கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளர இரண்டு நாள் ஆகும். 'வேண்டாம்' என்ற சொல் அவளுக்குள் வளரவும் அவ்வளவு நேரம் பிடிக்கும். அதற்குள் ஆட்கள் வந்து படுத்துவிடுவார்கள்.

அடுத்த நாள் அக்கவுண்ட்ஸ் அக்கா வந்தார். "அவளுக்கு மட்டும்தான் இரக்கம் இருக்கா, எனக்கில்லையா?" என்று கேட்டுக்கொண்டே பாயை விரித்தார். புதன்கிழமை சாயங்காலம் பேக்கிங் அக்கா. வெட்கப்பட்டுக்கொண்டே, "நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு, நான் ஓரமாப் பயத்தைப் போக்கிட்டுப் போயிடறேன்" என்றார். ஒரு மாதத்தில் சனிக்கிழமைகளில் மூன்று பேரும் சேர்ந்தே வந்தார்கள். கட்டிலில் ஒருவர், தரையில் இருவர். மூன்று பேரும் மூன்று சுருதியில் குறட்டை விட்டார்கள். அவளுக்குக் கால் வைக்க இடமில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்தாள். கீழே குடியிருப்பவர்கள் துணி உலர்த்தப் போகும்போது அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

மாதக் கூட்டத்தில் மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "புதுசா வந்த ஒரு பொண்ணு தனிமையில வாடக்கூடாதுன்னு நம்ம சகோதரிகள் தங்களோட லீவு நாளையே தியாகம் பண்றாங்க. இதைத்தான் நான் குடும்பம்னு சொல்றேன்." எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அம்மா போனில் கேட்டாள். "பேச்சுத்துணைக்கு யாராவது இருக்காங்களாடி?"

"இருக்காங்கம்மா. தூங்கறாங்க."

"பாரு, சொந்த வீடு மாதிரி நெனைச்சுத் தூங்கறாங்க. குடுத்து வெச்சவ நீ."

ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரர் கார்டியனைப் படியிலேயே மறித்தார்.

"உங்க பொண்ணைப் பத்தி ஒரு கம்ப்ளெயின்ட். ரூமுக்கு ஆளுங்க வர்றது அதிகமாயிட்டு இருக்கு."

பர்சேஸ் அக்காவின் முகம் கடுகடுவென்று ஆனது. "அப்படியா? யாரு வர்றாங்க?"

"முக்கியமா நீங்கதான்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "நான் அவளைக் கூப்பிட்டு விசாரிக்கிறேன் சார்" என்றார். மேலே வந்து, "ரூமுக்கு ரொம்பப் பேரை வரவிடாதேடி, ஊர் ஒரு மாதிரி பேசும்" என்று கண்டித்துவிட்டுத் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அக்காவின் கணவர் வந்தார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஒல்லியானவர், மென்மையாகப் பேசுகிறவர். வீட்டுக்காரரும் அவருக்கு வழிகாட்டுகிறவர் மாதிரி பின்னாலேயே ஏறி வந்தார். உள்ளே மூன்று பேரும் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீதானேம்மா அந்தப் பயந்த பொண்ணு?"

எழுந்து நின்றாள். "ஆமா சார்."

"எங்க வீட்டம்மா எங்க?"

"உள்ள இருக்காங்க சார். எனக்குத் துணையா."

அவர் மூடியிருந்த கதவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "அப்போ நீ ஏன் வெளிய இருக்கே?"

"உள்ள பயமா இருந்துச்சு சார்."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவருக்குப் பயம்தான் தொழில். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எந்த மாதிரி பயம்? திருடன் பயமா, தீ பயமா, உடம்புக்கு ஏதாவது ஆயிடுங்கிற பயமா?"

"பொதுவா சார்."

"பொதுவான பயம்தான் மோசம். அதுக்குப் பாலிசியே கிடையாது." பெருமூச்சு விட்டார். "நான் ஒண்ணு சொல்றேன் கேளு. நீ எதுக்கு இங்க வாடகை குடுத்துப் பயப்படணும்? எங்க வீட்டுக்கே வந்துடு. ஹால்ல ஒரு கட்டில் போட்டுடலாம். அப்பா, அம்மா, பசங்க, எப்பவும் ஆள் நடமாட்டம் இருக்கும். ஒரு நிமிஷம்கூட நீ தனியா இருக்க வேண்டி வராது."

அவளுக்கு அன்றுதான் நிஜமாகப் பயம் வந்தது.

"அதுவும் நல்ல யோசனைதான்" என்றார் வீட்டுக்காரர். "இந்த ரூமை ஒரு குடும்பமே கேட்டுட்டிருக்கு."

பயம் இல்லை என்று சொன்னால் அறை மிஞ்சும். ஆனால் இன்று சாயங்காலமே அக்காவின் வீட்டில் கேள்வி வரும்: இத்தனை நாளாக நீ எங்கே போய்க்கொண்டிருந்தாய்? கார்டியன் இல்லையென்றால் அறையும் எத்தனை நாளைக்கு? பயம் இருக்கிறது என்று சொன்னால் ஹாலில் கட்டில். உள்ளே குறட்டைச் சத்தம் நின்றிருந்தது. மூன்றுமே நின்றிருந்தன.

"சார், எனக்கு எல்லா நாளும் பயம் வராது" என்றாள்.

"பின்ன?"

"சனிக்கிழமை மட்டும்தான்."

வீட்டுக்காரரின் கால் தரையை அழுத்தியது. "அது என்னம்மா சனிக்கிழமை மட்டும்?"

"வேலை நாள்ல களைப்பா வந்து படுத்துடுவேன் சார். ஞாயித்துக்கிழமை முழுக்க நீங்க கீழயே இருக்கீங்க. நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்?"

கால் எழுந்தது. வீட்டுக்காரர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

இன்ஷூரன்ஸ்காரர் இதைக் கவனமாக எடுத்துக்கொண்டார். "சனிக்கிழமை முழுக்கவா?"

"மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பிக்கும் சார். லைட் போட்டா போயிடும்."

"வருஷக்கணக்கில நீடிக்குமோ?"

"நீடிக்கும்னுதான் தோணுது."

அவர் தலையை ஆட்டினார். "எப்ப வரும், எப்பப் போகும்னு தெரிஞ்சிருக்கு. இது சமாளிக்கிற ரிஸ்க்தான். இதுக்காக வீடு மாற வேண்டாம்." எழுந்து பேன்ட்டைத் தட்டினார். கதவைப் பார்த்துக் கொஞ்சம் குரலை உயர்த்தினார். "அப்பாவோட காது மெஷினைக் காணோம். அதைத் தேடறோம்னு சொன்னா அவருக்குக் கேக்க மாட்டேங்குது."

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பர்சேஸ் அக்காவின் குரல் வந்தது. "சக்கரை டப்பாவுக்குப் பின்னாடி."

அவர் நன்றியோடு இறங்கிப் போனார். வீட்டுக்காரரும் போனார். கதவு திறந்தது. மூன்று பேரும் கலைந்த தலையோடு நின்றார்கள்.

"சனிக்கிழமை மட்டுமா?" என்றார் பர்சேஸ் அக்கா.

"ஆமாக்கா."

"பேக்கிங் பாவம், புதன்கிழமையை நம்பித்தான் வாரத்தையே ஓட்டறா."

"புதன்கிழமை எனக்குப் பயம் வரலியேக்கா."

"கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாரேன்."

"இல்லக்கா."

இரண்டு நாள் எடுக்காமல் அந்த 'வேண்டாம்' உடனே வந்துவிட்டது. யார் சொன்னது என்று பார்ப்பவர்களைப் போல நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏமாத்துக்காரி" என்றார் அக்கவுண்ட்ஸ் அக்கா. கோபமா மரியாதையா என்று தெரியவில்லை.

அந்த வாரம் பரிசோதனைத் தட்டுகள் தீர்ந்துபோயின. பர்சேஸுக்குப் போய்க் கேட்டாள். அக்கா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "சப்ளையர்கிட்ட ஸ்டாக் இல்லையாம். சனிக்கிழமை மட்டும்தான் வருமாம்" என்றார். அவள் பழைய தட்டுகளைக் கழுவி, கிருமி நீக்கி, வாரத்தை ஒப்பேற்றினாள். சனிக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள், படுத்தார்கள். அவள் படியில் உட்கார்ந்தாள். லைட் போட்டதும் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை தட்டுகள் வந்துவிட்டன.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு நாற்காலியை நடுவில் போட்டிருந்தாள். புத்தகம்கூட எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். கதவை யாரோ தட்டினார்கள்.

"நாந்தாம்மா." அக்கவுண்ட்ஸ் அக்காவின் குரல். "உனக்குத் துணைக்கு வந்தேன்."

அவள் எழுந்து கதவருகே போனாள். "இன்னிக்கு எனக்குப் பயமில்லக்கா."

"நல்லா யோசிச்சுப் பாத்தியா?"

யோசித்தாள். "பாத்துட்டேன்க்கா."

செருப்பு திரும்பியது. அக்கா படியிறங்கினார், ஒவ்வொரு படியாக, நின்று நின்று. வீட்டுக்குப் போகிறவர்கள் இவ்வளவு மெதுவாகவா இறங்குவார்கள் என்று தோன்றியது. அந்தச் சத்தம் தெருவில் கலக்கும்வரை அவள் தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். திறக்கவில்லை.