மார்லிஸ் கோவர் எதிர்வரிசைக்குப் போன நாள்

1.

இந்தக் கதை என் சமையலறை மேசையில், ஒரு திட்டலில் தொடங்கியது. மார்லிஸ் சொன்னதை வைத்து ஒரு பக்கம் எழுதி, அவளுக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். அந்தத் தொடக்கம் இது:

"பிறந்த அன்றே இறந்துபோன மகளின் கல்லறைக்கு முன் மண்டியிட்ட மார்லிஸ், இனி எந்தக் கருவும்..."

(இதற்குமேல் வாசிக்க விடவில்லை.)

"யாரு மக?"

"கதைக்காகச் சேர்த்தேன்."

"எனக்கு ரெண்டு பசங்க. ரெண்டும் எருமை மாதிரி நல்லாத்தான் இருக்கு. எதுக்கு இல்லாத பிள்ளையைப் பெக்க வச்சு சாகடிக்கிற?"

"கருவைக் கலைக்கக் கூடாதுன்னு ஒருத்தி இவ்வளவு தீவிரமா இருந்தா காரணம் கேப்பாங்க மார்லிஸ்."

"கொலை தப்புன்னு சொல்றதுக்கு என் வீட்ல பொணம் விழுந்திருக்கணுமா? தப்புன்னு நினைக்கிறேன், சொல்றேன். அவ்வளவுதான். கிழி அதை."

கிழித்தேன். ஆகவே வாசகரே, இந்தக் கதையில் கல்லறை கிடையாது.

2.

அமெரிக்காவில் இது நடந்த மாநிலத்தின் பெயரை எழுத மாட்டேன். சோளம், வாலிபால், சனிக்கிழமைக் கால்பந்து ஆட்டங்களுக்கு ஊரே போட்டுக்கொள்ளும் சிவப்புச் சட்டை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். ப்ளம் ஃபோர்க் என்ற ஊரையும் வரைபடத்தில் தேட வேண்டாம்.

அங்கே பகலில் விதைக் கடை நடத்துகிறாள் மார்லிஸ். மாலையில் பள்ளிக்கூட வாலிபால் ஆட்டங்களுக்கு நடுவர். வலைக்கு மேலே ஏணியில் நின்றுகொண்டு, அரங்கம் முழுக்கத் திட்டினாலும் ஊதிய விசிலைத் திரும்ப வாங்கமாட்டாள். ஒருமுறை சொந்த அண்ணன் மகளையே ஆட்டத்திலிருந்து வெளியேற்றினாள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் விருந்து எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே

(இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். அந்த வேடிக்கைக்குப் பிறகு வரலாம் என்று நினைத்தேன், வரப்போவதில்லை.)

கருக்கலைப்பை ஏறத்தாழ முழுவதும் தடுக்கும் மசோதா ஒன்றுக்காக அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் பண்ணை பண்ணையாக அலைந்தாள். சேறு, நாய், மூஞ்சியில் அறைந்து சாத்திய கதவு, எதுவும் அவளை நிறுத்தவில்லை. எனக்கும் அவளுக்கும் இந்த விஷயத்தில் ஒத்துப்போகாது. அது அவளுக்குத் தெரியும். அதே ஊரில் இருக்கும் என் வீட்டுக்கும் வந்தாள். காபி குடித்தாள், சண்டை போட்டாள், போனாள்.

சென்னையிலிருந்து பத்திரிகை நண்பர் கேட்டார்: "கதை எந்தப் பக்கம்?" எனக்கு எரிச்சல் வந்தது. கதை மார்லிஸ் பக்கத்தில் நிற்கிறது, அவள் மூச்சு கேட்கிற தூரத்தில். ஒருத்தியைப் பார்ப்பதற்கு அவளோடு உடன்பட்டிருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அவளைப் பூதமாக்கித் தரச் சொன்னால் தரமாட்டேன். புனிதவதியாக்கவும் மாட்டேன், அவள் வாய் அப்படி.

3.

தலைநகரில் மக்கள் கருத்துக் கேட்கும் நாள். யார் வேண்டுமானாலும் போய்ச் சட்டமன்றக் குழுவின் முன் பேசலாம். தேவாலய வாசலிலிருந்து பேருந்து கிளம்பியது. எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை. கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கத்தை நடத்துகிற ப்ரென்ட், யார் என்ன பேச வேண்டும் என்று முன்னால் நின்று சொல்லிக்கொண்டு வந்தான்.

மார்லிஸ் கை தூக்கினாள். "பிரசவமான அம்மாவுக்கு ஒரு வருஷம் வைத்தியத்தை மாநிலமே பாத்துக்கும்னு ஒரு பிரிவு இருந்துச்சே. அதை யாரு சொல்லப் போறா?"

"அது இப்ப இல்ல மார்லிஸ். எடுத்தாச்சு."

"எடுத்தாச்சுன்னா?"

"அது இருந்தா செலவு ஜாஸ்தின்னு சபையில நாலு பேர் ஓட்டு போடமாட்டேங்கிறாங்க. முதல்ல உயிரைக் காப்பாத்துவோம். மத்ததை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"யாரு எடுத்தது?"

ப்ரென்ட் கொஞ்சம் தயங்கினான். "உங்க ஊரு லோவெல்தான். மசோதா அவரோடது."

லோவெல் ஹ்ரூபி அவளோடு பள்ளியில் படித்தவர். அவருக்குத் தேர்தல் வேலை செய்து, அவர் பெயர்ப் பலகையைச் சோளக் காட்டு ஓரமெல்லாம் நட்டவள் மார்லிஸ்.

"பெத்துக்கோம்மா, மத்ததை நாங்க பாத்துக்கறோம்னு வீடு வீடா சொல்லிட்டு வந்திருக்கேன் ப்ரென்ட். என் வாயால. இப்ப நான் பொய்யா?"

"இன்னிக்கு மட்டும் ஒரே குரல்ல பேசுவோம். ப்ளீஸ்."

இந்த இடத்தில் ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய வயல்களை அவள் வெறித்துப் பார்த்ததாக எழுதினால் அழகாக இருக்கும். அவள் பார்த்தது ப்ரென்டின் பிடரியை.

4.

குழு அறை வாசலில் இருந்த பெண் கேட்டாள்: "ஆதரவா, எதிர்ப்பா, நடுநிலையா?"

"நடுநிலைங்கிறது எனக்கு எதுலயும் கிடையாது," என்றாள் மார்லிஸ். "எதிர்ப்புன்னு போடு."

நீலச் சட்டையோடு போய் எதிர்ப்பாளர் வரிசையில் நின்றாள். அங்கிருந்த ஒரே காலி நாற்காலியில் தன் குளிர்க்கோட்டை வைத்திருந்தவள் கோரா என்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.

"இடம் மாறி வந்துட்டீங்க. உங்க ஆளுங்க அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும். கோட்டை எடுங்க."

கோரா எடுக்கவில்லை. "என் மகளைப் பக்கத்து மாநிலத்துக்குக் கார்ல கூட்டிட்டுப் போய்க் கலைச்சுட்டு வந்தவ நான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன். தெரிஞ்சுதான் உக்காரப் போறீங்களா?"

"நான் பக்கத்துல இருந்திருந்தா தடுத்திருப்பேன்."

"தெரியும். அதான் உங்களைக் கூப்பிடல."

பிறகு கோரா கோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

(இங்கே இரண்டு பெண்களும் கைகோத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தீர்களா? நானும்தான், முதல் எழுத்தில். மார்லிஸ் அடித்துவிட்டாள். "அவளும் நானும் ஒத்துக்கல. நாற்காலி கொடுத்தா, உக்காந்தேன்.")

5.

அவள் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் லோவெல்.

"மார்லிஸ், நீ என் மசோதாவுக்கு எதிரா வந்திருக்கியா?"

"நீ வெட்டினதுக்கு எதிரா வந்திருக்கேன் லோவெல். இந்த அறையில இந்தச் சட்டம் வேணும்னு என்னை விட அதிகமா நினைக்கிறவங்க யாருமில்ல. அதனாலதான் இங்க உக்காந்திருக்கேன். பிள்ளை வயித்துல இருக்கிற வரைக்கும் உனக்கு அது உயிர். வெளிய வந்ததும் அதோட அம்மா பட்ஜெட்டா?"

பின்வரிசையில் நீலச் சட்டைகள் முணுமுணுத்தன. ஒருவர் "துரோகி" என்று கேட்கும்படியே சொன்னார். மார்லிஸ் திரும்பவில்லை. திட்டு கேட்டே பழகிய காது.

"அந்தப் பிரிவோட இந்த மசோதா பாஸ் ஆகாதுன்னு உனக்குத் தெரியுமில்ல?" லோவெலின் குரல் தாழ்ந்திருந்தது.

"அப்ப அந்த நாலு பேரையும் என் ஊருக்கு அனுப்பு. நான் வாக்குக் கொடுத்த வீட்டுக்கெல்லாம் அவங்களே போய், இல்லைன்னு சொல்லட்டும். நான் போகமாட்டேன்."

சிவப்பு விளக்கு எரிந்தது. நேரம் முடிந்தது. எழுந்து வந்தாள். கால் நடுங்கியதாம். "அதையும் எழுது," என்றாள். "பயமே இல்லாத மாதிரி எழுதாத."

6.

அதற்குப் பிறகு நடந்தது: ப்ரென்ட் அவளுக்குப் பேருந்தில் இடமில்லை என்றான்; கோராவோ கூட்டிப்போகிறேன் என்று சொல்லவில்லை. மகனை வரவழைத்து வீடு திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து இரண்டு குடும்பங்கள் நகர்ந்து உட்கார்ந்தன. அவள் நடுவில் தாராளமாகக் காலை நீட்டிக்கொண்டாள். விதைக் கடைக்கு வந்த விவசாயிகளிடமெல்லாம் லோவெலின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தாள். அந்த எண் ஓயாமல் அடித்தது. மூன்றாவது வாரம் லோவெலே கடைக்கு வந்து நின்றார்.

"பிரிவைத் திரும்பச் சேத்துட்டேன். இப்ப மசோதா தோத்தா, அது உன் தலைமேல."

"ஜெயிச்சா?"

"அப்பவும் உன்னோட பேசமாட்டேன்," என்றார் லோவெல். போகும்போது விதை மூட்டை ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

7.

இறுதி வாக்கெடுப்பு. சட்டமன்றப் பார்வையாளர் மாடத்தில் ஒரு பக்கம் நீலச் சட்டைகள், மறுபக்கம் கோராவின் ஆட்கள். மார்லிஸ் தனியாக, மாடத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் மசோதா நிறைவேறுகிறது; அந்த நாலு பேரில் ஒருவர் கடைசி நொடியில்... மற்றதில் தோற்கிறது, ப்ரென்ட் அவளைத் திரும்பிப் பார்த்து...

இரண்டையும் எடுத்துவிட்டேன். ஏனென்றால் உங்களை எனக்குத் தெரியும். எண்ணிக்கையைச் சொன்ன மறுகணம் நீங்கள் கை தட்டுவீர்கள், அல்லது "அவளுக்கு வேணும்" என்பீர்கள். எந்தப் பக்கமாக இருந்தாலும் மார்லிஸை மறந்துவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு போவீர்கள். தரமாட்டேன். அந்த மாநிலத்தில் அது எப்படி முடிந்தது என்று ப்ளம் ஃபோர்க்கில் எந்த நாயைக் கேட்டாலும் சொல்லும், என்னைக் கேட்காதீர்கள்.

அவையின் வாக்குப் பலகையில் உறுப்பினர் பெயர்களுக்கு எதிரே விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குகின்றன. காவலர் அருகில் வருகிறார்.

"அம்மா, மாடத்துல நிக்கக் கூடாது. உக்காருங்க."

"பாத்துட்டு உக்காருறேன்."

"விதி அம்மா."

"அப்ப என்னைத் தூக்கிட்டுப் போங்க."

அவளை உட்காரவைக்க எனக்கு மனமில்லை. உங்களால் முடிந்தால், போய் முயன்று பாருங்கள்.