பழுப்புப் பேப்பர்ல எங்க மொட்டை மாடி

எங்க வீட்டுக்காரி டெய்லர். கடையில மூணு மெஷின், மூணும் மோட்டார். கரண்ட் போனா மூணும் படுத்துடும். போன வருஷம் அப்படித்தான் ஒரு பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் கை நழுவிப் போச்சு. இந்த வருஷம் திரும்பக் கேட்டிருக்காங்க. அதுக்குள்ள மாடியில பேட்டரியோட சோலார் போட்டாகணும்னா.

"நல்ல கம்பெனியா பாத்துச் சொல்லுங்க."

கடல் தாண்டி வந்து கிடக்கிறவனை நம்பி வீட்டு வேலை ஒண்ணு வந்தா விடுவானா? நாடு முழுக்கக் கிளை வச்சிருக்கிற கம்பெனிங்க மூணைப் பிடிச்சேன். நோட்டுல கட்டம் போட்டேன். கேரண்டி எத்தனை வருஷம், ரிப்பேர்னா எத்தனை நாள்ல வருவான், எல்லாம்.

ரூம்ல கூட இருக்கிற பெயிண்டர் எட்டிப் பாத்தாரு. "ஏன்யா, பேனல் பாக்கிறியா, பொண்ணு பாக்கிறியா?"

மூணு மாசம் ஓடிச்சு. கடைசில, மாடியில பேனல் எங்கெங்க வரும்னு ஒரு கம்பெனி போட்ட படத்தை வீட்டுக்கு அனுப்பினேன். எட்டு பேனல்.

வீடியோல வந்தா. "இவங்க மாடிக்கு வந்து பாத்தாங்களா?"

"எதுக்கு? மேலருந்து சாட்டிலைட் எடுத்த போட்டோ இருக்கே."

"பக்கத்து வீட்டுல புதுசா தண்ணி டேங்க் தூக்கி வச்சாங்களே, அது இதுல எங்க?"

இல்ல. மூணு கம்பெனி படத்துலயும் இல்ல. என் நோட்டுல நிழலுக்குன்னு ஒரு கட்டமே இல்ல.

அவ சிரிச்சுக்கிட்டே ஒரு பேப்பரை விரிச்சா. சட்டைக்கு அளவு வெட்டுற பழுப்புப் பேப்பர். அதுல எங்க மொட்டை மாடி! இஞ்ச் டேப் வச்சு அளந்திருக்கா. டேங்க் நிழல் காலைல எதுவரைக்கும், சாயங்காலம் எதுவரைக்கும்னு துணிக்குப் போடுற சாக்பீஸால கோடு, மாசத்துக்கு ஒரு கலர்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"அவ்வளவு ஆசையா கட்டம் போட்டுட்டு இருந்தீங்க. எப்படிங்க சொல்றது?"

அப்புறம் அவளே மூணு பேருக்கும் போன் போட்டா. மாடி ஏறிப் பாத்தாத்தான் பேச்சுன்னுட்டா. ரெண்டு பேர் போட்டோவே போதும்னாங்க. ஒருத்தர் மட்டும் வந்தாரு. அவர் படத்துலயும் மூணு பேனல் நிழல்லதான். இவ பேனல் அளவுக்குப் பேப்பர் துண்டு வெட்டி, துணி மிச்சம் பிடிக்கிற மாதிரி குறுக்கும் நெடுக்கும் திருப்பி வச்சா. வெயில்லயே ஒம்பது உக்காந்துச்சு.

அவர் தன் டேப்பை எடுத்துத் திரும்ப அளந்தாராம். "குளிர் காலத்துல நிழல் இன்னும் நீளுமேம்மா?"

"அதுக்கு இடம் விட்டிருக்கேன் சார். தையலுக்குத் துணி விட மாட்டோமா?"

"இந்த மாடிப் படம் எந்த இன்ஜினியர் போட்டுக் குடுத்தது?"

"கீழ கடை வச்சிருக்கிற டெய்லர்."

போன வாரம் அவளுக்குப் போன் பண்ணேன். "தெரு முழுக்கக் கரண்ட் இல்லங்க, அப்புறம் பேசறேன், யூனிஃபார்ம் நாளைக்குக் குடுக்கணும்"னா. பின்னால மூணு மெஷினும் கடகடன்னு ஓடிட்டிருந்துச்சு. வைக்காதேன்னு சொல்லிட்டு, போனைப் பெயிண்டர் காதுல வச்சேன்.

"என்னய்யா இது சத்தம்?"

"எங்க வீட்டுக்காரி"ன்னேன்.