வராமல் இருந்த உப்பு லாரி

போலீஸ் ரோந்து புல்லட்டை நிறுத்திய மறுவாரமே, முல்லை நகரில் அதுவரை நடக்காமல் போன விஷயங்கள் எல்லாம் வந்து நடக்கத் தொடங்கின. வரிசையில்தான் வந்தன. எதுவும் முண்டியடிக்கவில்லை.

முதலில் வந்தது தனுஷ்கோடி சார் வீட்டுச் சங்கிலிப் பறிப்பு. அவர்தான் குடியிருப்போர் சங்கத் தலைவர். பல வருஷங்களுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டியது அது. அன்றைக்கு முக்கில் புல்லட் சத்தம் கேட்டதால், பறிக்க வந்த இருவரும் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். இப்போது அவர்களுக்குத் தொந்தி விழுந்திருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

"அந்தச் சங்கிலிய அழிச்சு வளையல் பண்ணியாச்சே" என்றார் சாரின் மனைவி.

"எங்களுக்குச் சங்கிலின்னுதான் இருக்கு, அக்கா" என்றார்கள். அந்த அம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார். பழைய சங்கிலி கிடந்தது. கையில் வளையல் இல்லை. அறுத்துக்கொண்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்து, முன்னொரு நாள் திருச்செந்தூருக்குப் போயிருந்த குடும்பத்தின் பூட்டிய வீடு உடைபட்டது. அந்தக் குடும்பம் இப்போது எங்கும் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள், பூட்டு உடையும் சத்தம் கேட்டதும் கோயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

மாவு மில் செண்பகவல்லிக்கு இதில் எல்லாம் பெரிய கவலை இருக்கவில்லை. களவு போக அவளிடம் என்ன இருக்கிறது, ஒரு மில்லும் ஒரு மகளும்தான். மில்லைத் தூக்கிக்கொண்டு ஓட எவனாலும் முடியாது. அப்படி நினைத்துக்கொண்டு கோதுமையைக் கொட்டியவளுக்கு, மகள் ஞாபகம் வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

ஈஸ்வரி இரண்டாம் வகுப்பு படித்தபோது, பைபாஸ் முக்கில் அம்மாவின் கையை உதறிவிட்டு ரோட்டில் ஓடியவள். தூத்துக்குடியிலிருந்து ஓர் உப்பு லாரி பிசாசு மாதிரி வந்துகொண்டிருந்தது. முக்கில் ஏட்டு ஞானதுரை புல்லட்டை நிறுத்தி நின்றிருந்தார். காக்கிச் சட்டையைத் தூரத்திலேயே பார்த்த டிரைவர் பிரேக்கை மிதித்தான். லாரி நல்ல பிள்ளையாக ஊர்ந்து போனது. ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலத்துக்குள் செண்பகவல்லியே அதை மறந்துவிட்டாள்.

அந்த லாரியும் வரிசையில் எங்கோ நிற்கத்தானே செய்யும்?

கல்லூரிக்குக் கிளம்பிய ஈஸ்வரி, "அம்மா, இந்தச் சுடிதார் கை நீளமாயிருச்சு, பாரு" என்றாள். விரல்கள் வெளியே தெரியவில்லை. செண்பகவல்லி மடித்துவிட்டாள். மடிக்க மடிக்க இன்னும் நீண்டது.

புல்லட்டைப் போகச் சொன்னதில் அவளுக்கும் பங்கு உண்டு. பெட்ரோலைக் குறைக்கப் போகிறோம், ரோந்து வேண்டாம் என்கிற தெரு எது என்று மேலதிகாரிகள் கேட்டார்கள். முதலில் கை தூக்கியது முல்லை நகர். ஏட்டு எல்லோரையும் ஹெல்மெட் போடச் சொல்லி உயிரை வாங்கியிருந்தார். பால் வாங்கப் போனாலும் பிடித்தார். மாவு மூட்டையோடு போன செண்பகவல்லியையும் பிடித்தார். அந்தக் கடுப்பில் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "ஒண்ணுமே நடக்காத தெருவுல இவருக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். நல்ல கைதட்டல். ஏட்டுக்குப் பொன்னாடை போர்த்தி, கேசரி கொடுத்து வழியனுப்பினார்கள்.

மில்லை ஓடவிட்டபடியே அவள் காவல் நிலையத்துக்குப் போனாள்.

"வண்டிய மறுபடி விடணும், சார்."

"அதனால என்ன பிரயோசனம்னு காட்டுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வண்டி வந்த வரைக்கும் ஒண்ணும் நடக்கலையே."

"நடக்காதத நான் எப்படிம்மா மேல காட்டுவேன்?"

"இப்ப நடக்குதே, சார்."

"இப்பதான் வண்டி இல்லையே. இல்லாத வண்டிய வச்சு எதைக் காட்ட?" அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே யோசித்தார். யோசித்து முடித்து, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

ஏட்டு ஞானதுரையைக் கேமரா அறையில் போட்டிருந்தார்கள். சுவர் நிறைய டிவி. எல்லாவற்றிலும் முல்லை நகர்.

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றார். "கண்ண எடுக்கதே இல்ல. எல்லாம் நல்லாத் தெரியுது, தாயி. நடந்து முடிஞ்சது தெரியுது."

"ஏட்டையா, அன்னைக்கு நீங்கதான எம்பிள்ளைக்காக லாரிய நிறுத்துனீக?"

"நான் எங்க நிறுத்துனேன்? எனக்கு முதுகு வலி. வண்டியப் போட்டுட்டுச் சும்மா நின்னேன்."

"அப்ப இன்னைக்கும் வந்து சும்மா நில்லுங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "சும்மா நிக்கதுக்கு உத்தரவு வேணும். உத்தரவு இல்லாம நின்னா அது ஞானதுரை நிக்கது. ஞானதுரையப் பாத்து எவன் பிரேக் போடுவான்?"

வெளியே வேப்பமரத்தடியில் புல்லட் ஆளில்லாமல் மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் கியரில், மெதுவாக. செண்பகவல்லி அதன் முன்னால் போய்க் கையைக் காட்டினாள். அது அவளை ஒதுங்கிக் கடந்து, மறுபடி மரத்தைச் சுற்றியது. கொஞ்ச நேரம் அவளும் கூடவே நடந்தாள். அது அந்த நிழலை விட்டு வெளியே வருவதாக இல்லை.

வீட்டில் ஈஸ்வரி இரண்டாம் வகுப்புச் சீருடையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தண்ணீர் பாட்டில். கால் தரையைத் தொடவில்லை.

"அம்மா, ரிப்பன்."

செண்பகவல்லி இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டினாள். அந்தச் சின்னத் தலையை மறுபடி கையில் பிடிக்கக் கிடைத்ததில் ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். ரோட்டுப் பக்கமே வேண்டாமென்று பிள்ளையை இழுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தாள். கொல்லையில் பைபாஸ் முக்கு இருந்தது. துணி காயப்போடும் கொடிக்கு அந்தப் பக்கம் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

ஈஸ்வரி கையை உதறினாள்.

செண்பகவல்லிக்கு யோசிக்க நேரமில்லை. பிள்ளையைத் தாண்டி ஓடி, நடுரோட்டில், லாரி வரும் பக்கம் பார்த்து நின்றாள். கையைக் கூடத் தூக்கவில்லை. சேலை முழுக்க மாவு. சும்மா நின்றாள்.

உப்பு லாரி வந்தது. நெடுநேரம் பிரேக் அடித்தது. அவள் மூக்கில் ரப்பர் கருகும் வாசனை ஏறியபோது நின்றுவிட்டது.

டிரைவர் இறங்கி வந்தான். நரைத்த மீசை.

"போலீஸா?"

"இல்ல. மாவு மில்லு."

"எதுக்கு நிக்கீங்க?"

"சும்மா."

"பிள்ள அந்தப் பக்கம் போயிருச்சா?"

அவள் திரும்பினாள். ஈஸ்வரி பாதி ரோட்டில் பாட்டிலை ஆட்டிக்கொண்டு போனாள். மறுகரையில் ஏறியபோது ஒற்றைப் பின்னலும் கல்லூரிப் பையுமாக இருந்தாள். போனைப் பார்த்தபடியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. செண்பகவல்லிக்கு அழுகை பொங்கியது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னைக்கு ஒரு காக்கிச்சட்ட நின்னாரு" என்றான் டிரைவர். "அதனால நான் வீட்டுக்குப் போனேன். கல்யாணம் பண்ணேன். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கும்மா. போலீஸ் வண்டிய எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்ச நாள்லேருந்து, ஸ்டியரிங்க எங்க திருப்புனாலும் இந்த முக்குக்கே வருது. நானும் வராம இருக்க எம்புட்டோ பாத்தேன்."

"அதான் முடிஞ்சுருச்சே. நான் வீட்டுக்குப் போறேன்."

அவன் பதறிப்போய் லாரிக்குப் பின்னால் காட்டினான். அந்த முக்கில் மோதாமல் போன வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றன. ஒரு பள்ளி வேன். ஒரு தண்ணீர் லாரி. விளக்கில்லாத ஒரு கார். பைக்குகள். கண்ணுக்கு எட்டிய மட்டும் நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஓட்டி வந்தவர்கள் எல்லோரும் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்து, வெயிலுக்கு அவள் தலையில் போட்டான்.

"நகந்துராதீங்க, தாயி" என்றான். "தண்ணி தாரேன். கால் வலிச்சா என்னையப் புடிச்சுக்கோங்க. ஆனா நகந்துராதீங்க."

மில் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அவளுக்கு நினைவு வந்தது.

துண்டைக் காதோரம் செருகிக்கொண்டு, கால் மாற்றி நின்றாள்.