சாமிக்குக் கொடுத்த பிடி அரிசி

உதயசூரியன் வீட்டு மாட்டுத் தொட்டியில் தவிட்டோடு ஊறிக்கொண்டிருந்த அரிசியைத் திலகவதி முதலில் கவனிக்கவில்லை. கோயிலில் தயிர்ச்சோறு பிசைய இன்னொரு அண்டா வேண்டுமென்று கேட்டு வாங்கத்தான் அவள் அங்கே போயிருந்தாள். கொட்டகையை ஒட்டி நடந்தபோது தொட்டி விளிம்பில் ஒரு மஞ்சள் துணி தொங்குவது கண்ணில் பட்டது. நாலு மூலையும் சேர்த்து முடிந்த சுருக்கம் போகாமல், பாதி அவிழ்ந்து, தவிட்டுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முந்தாநாள் மூக்காயி அக்கா வீட்டு வாசலில் நின்று அவளே கைநீட்டி வாங்கிய முடிச்சு அது. துணியை விலக்கிவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டாள். கை நிறைய பச்சரிசி வந்தது.

குன்றாண்டார்கோவிலிலிருந்து வரும் மினி பஸ் திரும்பிப் போகும் கடைசி ஊர் அது. ஊருக்கு மேற்கே பாறையடியில் ஒரு சின்ன சிவன் கோயில், அதற்கு முன்னால் ஒரு குளம். வருசம் முழுக்க ஒரு வேளைப் பூசையோடு கிடக்கும் அந்தக் கோயிலுக்கு ஐப்பசிப் பௌர்ணமி வந்தால்தான் கூட்டம். அன்றைக்கு அன்னாபிஷேகம். சோற்றை வடித்து ஆறவைத்து, லிங்கத்தை அடியிலிருந்து உச்சிவரை அப்பி மூடுவார்கள். நிலா கிளம்பும் நேரத்துக்குத் தீபாராதனை நடக்கும். அது முடிந்ததும் உச்சியில் இருக்கும் சோறு குளத்து மீனுக்குப் போகும். மீதிச் சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்து ஊருக்குக் கொடுப்பார்கள். அந்தச் சோறு ஒருத்தர் வீட்டு அரிசியில் ஆகாது. அடுப்பெரிகிற எல்லா வீட்டிலிருந்தும் ஒரு பிடி வந்து சேரவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ஐப்பசியில் யார் வீட்டிலும் அரிசி நிறைந்து கிடக்காது. வயலில் நட்ட நாற்று அப்போதுதான் வேர் பிடித்திருக்கும். போன வருச நெல் தீர்ந்துபோய் பாதி ஊர் ரேஷன் அரிசியில்தான் சாப்பிடும். கையில் குறைவாக இருக்கும்போது எடுத்துக் கொடுப்பதால்தான் அந்தப் பிடிக்கு அவ்வளவு மதிப்பு.

வீடு வீடாகப் போய் அதை வாங்கிவருவது திலகவதியின் புகுந்த வீட்டுக்காரர்கள் பொறுப்பு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பது அவள் வேலை. பௌர்ணமிக்கு இரண்டு நாளைக்கு முன்னால் குளித்துவிட்டு, வெறும் வயிற்றோடு நார்ப்பெட்டியை இடுப்பில் வைத்துக் கிளம்புவாள். பெண்கள் வாசலில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பார்கள். மூக்காயி அக்கா நூறுநாள் வேலைக்குப் போய்த் தனியாகக் காலம் தள்ளுகிறவள். ரேஷனில் வாங்கிய பச்சரிசியை ஒரு பகல் முழுக்க முறத்தில் வைத்துக் கல் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள்.

"சாமி வாயில கல்லு பட்டுறக் கூடாதுல்ல" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

இப்போது உதயசூரியன் தன் வீட்டு வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருசம் துபாயில் இருந்துவிட்டு வந்தவன். கோயில் கமிட்டித் தலைவராகி இரண்டு வருசம் ஆகிறது. கோயிலில் சேரும் பிடி அரிசியும் பௌர்ணமிவரை அவன் வீட்டு ஸ்டோர் ரூமில்தான் இருக்கும். கோயிலுக்கு வெள்ளை அடித்தது, விளக்கு போட்டது எல்லாம் அவன்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

திலகவதி ஈரக் கையை அவன் முன்னால் நீட்டினாள். "இது எந்த அரிசி தம்பி?"

"அந்த ரேஷன் அரிசிங்களா? சின்னதா மூணு மூட்டை சேந்துச்சுங்கக்கா. ஒரு மூட்டையப் பிரிச்சு மாட்டுக்கு ஊறப்போடச் சொன்னேன்."

"அப்ப கோயில்ல வேகுறது?"

"அது தஞ்சாவூர்லேர்ந்து இறக்குன பச்சரிசி. பூ மாதிரி இருக்கும். நம்ம செலவுதான்." அவள் முகத்தைப் பார்த்ததும் போனைப் பையில் போட்டான். "இந்த வருசம் லைவ் போடுறோம்ல. துபாய், சிங்கப்பூர்னு நம்மாளுங்க எல்லாம் பாப்பாங்க. ஒரு பக்கம் வெள்ளை ஒரு பக்கம் பழுப்புன்னு இருந்தா நல்லாவா இருக்கும்? சாமிக்கு நல்லதைத்தானங்கக்கா குடுக்கணும். அந்த அரிசியில பிளாஸ்டிக் வேற கலக்குறாங்க."

"அது பிளாஸ்டிக் இல்ல. சத்து ஏத்துன அரிசி. அதைத்தான் நான் தெனமும் அம்பத்தெட்டுப் புள்ளைங்களுக்கு வடிச்சுப் போடுறேன். ஒங்க அண்ணன் புள்ளைங்க ரெண்டும் தட்டோட நின்னு வாங்கித் திங்குதுங்க."

"புள்ளைங்க திங்கிறது வேற. சாமிக்குப் படைக்கிறது வேற."

"எப்படி வேற?"

அவன் சிரித்த முகமாகவே சொன்னான், "மாடும் சிவன் வாகனந்தானங்கக்கா. வீணாவா போச்சு?"

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டிவிட்டு வந்திருப்பாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"பிடிக்கலைன்னா வாங்காம இருந்திருக்கலாம் தம்பி. போன வாரமே ஊர்ல சொல்லியிருக்கலாம். என்னையப் பெட்டியோட தெருத்தெருவா அனுப்பி, விளக்கேத்தி வச்சுக் கொடுத்ததை சாமிக்குன்னு வாங்கியாரச் சொன்னீங்க. ஒங்க மாட்டுக்குன்னு சொல்லியிருந்தா நான் போயிருப்பனா? அவங்கதான் கொடுத்திருப்பாங்களா?"

"ஜனங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் வாங்கச் சொன்னோம்."

"ஏமாத்துனா நோகாதா?"

பேச்சுச் சத்தம் கேட்டு அவன் மனைவி இளமதி உள்ளேயிருந்து வந்தாள். திலகவதி கையில் இருந்த அரிசியையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் விசயம் அப்போதுதான் தெரிந்தது.

"அதுல நான் போட்ட பிடியும் இருக்கு" என்றாள் புருசனைப் பார்த்து. "தலைக்குக் குளிச்சிட்டு, பச்சத் தண்ணி குடிக்காம நின்னு போட்டேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டாள். "ரெண்டு மூட்டை இருக்குங்கக்கா. எடுத்துட்டுப் போங்க." சொன்னதோடு நிற்காமல் தன் ஸ்கூட்டியிலேயே ஒரு மூட்டையை ஏற்றினாள். உதயசூரியன் தடுக்கவில்லை. தெருவில் நான்கு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திலகவதியின் வீட்டுக்காரர் ஆண்டிச்சாமி மூட்டைகளைப் பார்த்ததும் பதறினார். "நல்ல நாளும் அதுவுமா எதுக்கு வம்பு? பௌர்ணமி கழியட்டும். கூட்டம் போட்டுப் பேசிக்கலாம்."

"கழிஞ்சப்புறம் பேசுனா இந்த அரிசி சாமிக்குப் போயிருமா?"

அவர் கோடாலியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போனார்.

குளத்துமேட்டில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தார்கள். காலையில் பெய்த மழையில் விறகு நமுத்துப் போயிருந்தது. புகை கண்ணைக் கரித்தது. சேதி அதற்குள் தெருவெல்லாம் பரவி, பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து சேர்ந்தார்கள். சிலர் உதயசூரியனை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். மூக்காயி அக்கா மட்டும் பேசாமல் வந்து முறத்தை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அரிசி புடைத்தாள். புடைத்துக்கொண்டே கேட்டாள்:

"நான் கொடுத்தது போயிருச்சா திலகா?"

திலகவதியால் பொய் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"மாடு தின்னா தின்னுட்டுப் போவுது. வாயில்லாச் சீவன். ஆனா என்னைய ஒரு மனுசின்னு நெனச்சிருந்தா..." அக்கா எழுந்து சேலையை உதறினாள்.

"எங்கிட்டுப் போறீங்கக்கா?" என்றாள் திலகவதி. "என் வீட்டு அரிசி இருக்கு. அதுல ஒரு பிடி எடுத்துப் போடுங்க."

"ஒன் வீட்டு அரிசி ஒம் பிடி. எம் பிடி எங்கிட்டேர்ந்துதான் போகணும்."

திரும்பி வந்தபோது அவள் கையில் இருந்தது புழுங்கலரிசி. வீட்டில் அதுதான் மிச்சம். அன்னாபிஷேகத்துக்குப் புழுங்கல் ஆகாது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். திலகவதி யார் முகத்தையும் பார்க்காமல் அதை வாங்கி உலையில் போட்டாள். யாராவது வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தவள்போல அடுப்பைப் பார்த்து நின்றாள். யாரும் திறக்கவில்லை.

சோறு வெந்து, வடித்து, ஓலைப்பாயில் கொட்டி ஆறுவதற்குள் மணி ஐந்தாகிவிட்டது. முதலில் ஒரு கூடையில் அள்ளி வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு திலகவதி கோயிலுக்குள் நுழைந்தாள். பின்னால் பெண்கள் வந்தார்கள். லிங்கம் முக்கால்வாசி மூடியாகிவிட்டது. அவன் சொன்னபடியே சோறு பூவைப்போல வெள்ளையாகத்தான் இருந்தது. சுற்றிலும் கத்திரிக்காயும் புடலங்காயும் வடைமாலையுமாக அலங்காரம் செய்திருந்தார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் உதயசூரியன் பட்டுவேட்டியில் நின்றிருந்தான். சபேச குருக்கள் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"அன்னம்தான் பிரம்மம். உலகத்துல இருக்கிற ஜீவராசிக்கெல்லாம் படியளக்கிறவனுக்கு, அவன் அளந்ததையே திருப்பிக் கொடுக்கிற நாள் இது. இந்தச் சோத்துல ஒவ்வொரு பருக்கையும் ஒரு லிங்கம். இன்னிக்குத் தரிசனம் பண்ணினா கோடி லிங்கத்தைத் தரிசனம் பண்ணின பலன்."

"சாமி" என்றாள் திலகவதி. கூட்டம் திரும்பிப் பார்த்தது. "ஒவ்வொரு பருக்கையும் ஒரு லிங்கம்னா, உதயசூரியன் வீட்டு மாட்டுத் தொட்டியில இப்ப எத்தனை லிங்கம் தவிட்டோட ஊறிட்டுக் கெடக்கு?"

மைக் அவள் குரலையும் வாங்கி வெளியே விட்டது. குளத்துமேடுவரைக்கும் கேட்டிருக்கும். உதயசூரியன் நிறுத்தச் சொல்லிக் கேமராக்காரனுக்குக் கையைக் காட்டினான், அவனுக்குப் புரியவில்லை.

குருக்கள் மைக்கைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும்மா" என்றார் மெதுவாக. "காலையிலயே கமிட்டிக்காரா சொல்லிட்டா. நான் வாயைத் திறக்கலை."

"தெரிஞ்சுமா சாமி?"

அவர் தலை குனிந்துகொண்டார். உதயசூரியன் சொன்னதைவிட இதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. வருசா வருசம் அவள் இறக்கி வைக்கும் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனுசன் அவர்.

"மத்தவங்களை விடுங்க. எங்க அரிசி சாமிக்கு ஆகாதுன்னு ஒங்க சாஸ்திரத்துல எங்கயாச்சும் எழுதியிருக்கா? எழுதியிருந்தா சொல்லுங்க. இப்படியே திரும்பிப் போயிடுறோம்."

"அப்படி எதுவும் இல்லைம்மா."

"இதுல ஒரு பிடி புழுங்கலும் இருக்கு. மறைக்கலை. சொல்லிட்டேன்."

குருக்கள் கூடையைப் பார்த்தார். லிங்கத்தைப் பார்த்தார். "உச்சி இன்னும் மூடலை" என்று சொல்லிக் கையை நீட்டினார்.

"சாமி, அலங்காரம் கெட்டுப் போயிரும்" என்றான் உதயசூரியன்.

குருக்கள் கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பளீரென்ற வெள்ளைக்கு மேலே, கொஞ்சம் பழுப்பாக, அங்கங்கே பெரிய பருக்கைகளோடு உச்சி மூடியது. கூட்டத்தில் யாரோ ஒரு பெண் குலவையிட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கேமரா ஓடிக்கொண்டேதான் இருந்தது.

நிலா மேகத்துக்குள்ளிருந்து வெளியே வந்த நேரத்தில் தீபாராதனை முடிந்தது. குருக்கள் உச்சிச் சோற்றைத் தட்டில் ஏந்திக் குளத்துப் படிக்கட்டில் இறங்கினார். தண்ணீரில் விட்டதும் கெண்டைகள் மொய்த்தன. மூக்காயி அக்கா கும்பிட்ட கையை ரொம்ப நேரம் இறக்கவில்லை. அவள் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. திலகவதிக்கு அது வரவில்லை. கண்ணை மூடினால் தொட்டிதான் தெரிந்தது.

குளத்துமேட்டுச் சோற்றையும் கோயில் சோற்றையும் ஒன்றாகக் கொட்டித் தயிர் விட்டுப் பிசைந்தார்கள். எது எந்த அரிசி என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒரு வரிசைக்கு உதயசூரியனும் இன்னொரு வரிசைக்கு இளமதியும் நின்று பரிமாறினார்கள். திலகவதி இளமதியின் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். இனிமேல் பிடி அரிசியை யார் வீட்டிலும் வைக்கக் கூடாது, கோயிலில் எல்லார் கண்முன்னும் உலையில் போடவேண்டும் என்று முடிவானது. உதயசூரியன் எழுந்து, "தப்பு ஏதும் நடந்திருந்தா மன்னிச்சுக்கங்க" என்றான்.

"நடந்திருந்தா இல்ல தம்பி. நடந்துச்சு" என்றாள் திலகவதி.

அவன் மறுபடி சொல்லவில்லை. தலைவராக அவனே தொடரட்டும் என்று கூட்டம் கலைந்தது. அன்று சாயங்காலம் இளமதி மூக்காயி அக்கா வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். அவன் போகவில்லை.

"விட்டுத் தொலை திலகா. எனக்கே ஆறிப்போச்சு" என்றாள் மூக்காயி அக்கா.

"ஒங்களுக்கு ஆறிரும்க்கா. வாங்கியாந்தவ நானு."

மறுநாள் காலை பள்ளிக்கூடச் சமையல்கட்டுக்கு வெளியே அவன் வண்டியை நிறுத்தினான். "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று எதுவும் நடக்காததுபோலக் கேட்டான்.

திலகவதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "மூக்காயி அக்கா வீடு இங்கிட்டு இல்ல தம்பி, அங்கிட்டு" என்று தெருவின் அடுத்த கோடியைக் கைகாட்டிவிட்டு, கழுநீரை வடித்தாள்.