வெள்ளை சிமெண்ட் பூசிய முழங்கால்

1

இந்தக் கதையைப் பயந்துபோய் எழுதுகிறேன். ஒக்கூர்ப் பக்கம் ஓர் அய்யனார் கோயில். மண்குதிரை நேர்ந்து விடுகிற புரவி எடுப்புத் திருவிழா முடிந்து வரிசையாக நிறுத்தியிருந்த மண்குதிரைகளுக்கு நடுவே, உச்சி வெயிலில், ஒரு மண்பெண்ணைப் பார்த்தேன். குதிரைகளின் காதுக்குச் சமமான உயரம். கையில்லாத பனியன், அரைக்கால் டவுசர், இடுப்போடு அணைத்த பந்து. இடது முழங்கால் மட்டும் மண் நிறத்தில் இல்லை. யாரோ வெள்ளை சிமெண்ட் பூசியிருந்தார்கள்.

கை கால் குணமானால் மண்ணில் உருவம் செய்து அய்யனாருக்கு விடுவது இங்கே வழக்கம். விட்ட பிறகு அதை யாரும் தொடக்கூடாது. வெடித்தால் வெடித்ததுதான், உடைந்தால் உடைந்ததுதான். அப்படியிருக்க, கொத்து வேலை பார்த்தது யார்? வாசலில் பூ விற்ற அம்மாவிடம் கேட்டேன்.

"அதப் பத்தி மட்டும் கேக்காதீக" என்றவர், கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியே போய்விட்டார்.

கேட்காதே என்றால் அதையே கேட்கிற புத்தி எனக்கு. கேட்க ஆள் இல்லாமல் போனதால் கற்பனை செய்ய உட்கார்ந்தேன். தப்பு.

2

முதல் தொடக்கம்: ஆறடிக்கு மேல் வளர்ந்த சந்திரலேகா காரைக்குடியில் வந்து இறங்கியதும் ஊரே—

(ஊரே ஒன்றும் செய்யாது. ஊருக்கு வேறு வேலை இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: [இங்கே லேகாவின் அப்பாவைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. இப்போது இல்லை. ஏன் என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன்.]

மூன்றாவதுதான் நின்றது. லேகாவுக்கு வயது இருபத்தொன்பது. பெங்களூரில் ஒரு கூடைப்பந்து கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆடுகிறாள். கூடைக்கு அடியில் நின்று, எதிரணியின் பந்தை எம்பித் தட்டுகிற வேலை. போன வருடம் இடது முழங்காலில் தசைநார் அறுந்து ஆபரேஷன் ஆனது. அப்போது அவள் அம்மா மீனாள் அய்யனாரிடம், "எம்மக பழையபடி ஓடியாடட்டும், அவளயே செஞ்சு ஒன் வாசல்ல நிறுத்துறேன்" என்று வேண்டிக்கொண்டாள். விவரமான மனுஷியாக இருந்தால் ஒரு மண்காலோடு முடித்திருப்பாள். பெற்ற மனது, அவசரத்தில் முழுப் பெண்ணையும் கொடுத்துவிட்டது.

கால் குணமானது. மீனாளும் சொன்னபடியே மகளை மண்ணில் செய்யச் சொல்லி அய்யனார் வாசலில் நிறுத்திவிட்டாள். லேகா மறுபடி ஆடினாள். ஆசியப் போட்டிக்கான இந்திய அணியில் அவள் பெயரும் வந்தது. வருகிறாயா இல்லையா, வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்றார் கோச். முழங்கால் தாங்குமா என்று அவருக்கும் சந்தேகம். இந்த வயதில் இதை விட்டால் அடுத்தது கிடையாது. அது லேகாவுக்கு நன்றாகத் தெரியும். அய்யனாரைக் கும்பிட்டுவிட்டுப் பதில் சொல்லலாம் என்று பஸ் ஏறினாள்.

(கதாநாயகியை ஊருக்குக் கூட்டிவர எனக்கு வேறு வழி தெரியவில்லை. கோச் போனிலேயே பதில் வாங்கியிருக்கலாம்தான்.)

3

இறங்கும்போதே இடது கால் மடங்கவில்லை. நெடுநேரம் பஸ்ஸில் உட்கார்ந்ததால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தாள். மறுநாளும் மடங்கவில்லை. வலி துளியும் இல்லை. வலித்திருந்தால் பயந்திருக்க மாட்டாள். வலியோடு அவளுக்குப் பழைய சிநேகம். காரைக்குடியில் ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து முழங்காலை விரலால் தட்டிப் பார்த்தாள். தரைக்கல்லைத் தட்டின மாதிரி டக்கென்று கேட்டது.

காலை இழுத்துக்கொண்டே கோயிலுக்குப் போனாள். தன்னையே தான் பார்த்துக்கொண்டு நின்றாள். மண் உருவங்கள் வனைகிற வேளார் நன்றாகத்தான் செய்திருந்தார். மூக்கு கூட அவளுடையதுதான். பிறகுதான் அந்த வெள்ளைப் பூச்சைக் கண்டாள். வழவழவென்று, விளிம்பு தெரியாமல் இழைத்த பூச்சு. அந்தக் கைவேலை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அப்பா வேல்பாண்டிக்கு ஆத்தங்குடி தரைக்கல் பட்டறையில் வேலை.

"ஏம்ப்பா, சாமிக்கு விட்டதுல போயி சிமெண்டப் பூசுனீகளா?"

வேல்பாண்டி மகள் முகத்தைப் பார்க்கவில்லை. "கீறல் விட்டிருந்துச்சுத்தா. ஒங்காலுல கீறலப் பாத்துட்டு எப்படித்தா சும்மா வாறது? பட்டறையில கெடந்த வெள்ளச் சிமெண்டக் கொஞ்சம் கொழச்சு எடுத்துட்டுப் போனேன்."

"என்னைக்கு?"

"செவ்வாக்கெழம, மத்தியானம்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் பஸ்ஸில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது.

"வேளாரக் கேட்டுட்டு வந்தேன்" என்றாள் மீனாள், அடுப்படியிலிருந்து. "பூச்சப் பேத்தா கீறலு என்னாகும்னு அவராலயும் சொல்ல முடியலயாம். நிக்கலாம். மொத்தமா விட்டுப்போனாலும் போகலாம்."

பூச்சை அப்படியே விட்டால் வலிக்காத, மடங்காத கால். அதைக் கொண்டு நடக்கலாம், கோயில் குளம் போகலாம்; எம்பிக் குதிக்க முடியாது. பெயர்த்தால் மடங்கும், அல்லது ஆயுசுக்கும் இல்லாமல் போகும். வேல்பாண்டி உளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ சொல்லுத்தா. செதுக்கிப்புடுறேன்."

லேகா போனைப் பார்த்தாள். நாளை வெள்ளி.

4

இங்கே நான் இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தைரியமில்லாதவன் இரண்டு எழுதுவான். நோகாமல் நுங்கு தின்கிற ஆசை.

முதல் முடிவு: பூச்சு ஒரே சில்லாக உதிர்கிறது, லேகா போகிறாள், ஆடுகிறாள். சப்பென்று இருந்தது.

இரண்டாம் முடிவு: உளி பட்டதும் மண்கால் முழங்காலோடு விட்டுப்போகிறது. அதே நேரம் வீட்டில் லேகா [இங்கே ஒரு சொல் இருந்தது.]

அந்தச் சொல்லுக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"சார், சந்திரலேகா பேசுறேன். நான் விழுந்துட்டதா எழுதியிருக்கீகள்ல, அதக் கொஞ்சம் அழிச்சுருங்க. வாசல்ல இப்பத்தான் கையூண்டி எந்திரிச்சேன்."

இந்தக் கதையைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தப் பெயர் நான் வைத்தது. எழுதும்போது ஆசையாக வைத்த பெயர், அவ்வளவுதான்.

"யாரும்மா விளையாடுறது?" என்றேன்.

"வெளையாடத்தான் சார் கேக்குறேன்" என்றாள். "இன்னொன்னு. எங்கப்பா குடிக்க மாட்டாக. நீங்க அந்த வரிய அடிச்சிருக்கீக, அழிக்கல. எழுத்து அப்படியே தெரியுது. வீடு பூரா சாராய வாட. எங்கம்மா அவுகளச் சந்தேகமாப் பாக்குது. நல்லா அழிங்க."

அழித்தேன். காகிதம் கிழிகிற வரை அழித்தேன். போனிலேயே அவள் ஆழமாக மூச்சிழுத்துப் பார்ப்பது கேட்டது. "ம். போயிருச்சு" என்றாள்.

"அம்மா, அந்த சிமெண்ட்… கோயில்ல நிஜமாவே பார்த்தேன். நான் பூசல" என்றேன். கோழையின் வாக்குமூலம்.

"தெரியும் சார். பூசுனது எங்கப்பாதான். ஆசப்பட்டுப் பூசிட்டாக. ஆசப்பட்டு எங்கம்மா நேந்துக்கிச்சு. ஆசப்பட்டு நீங்க எழுதுறீக. ஆளாளுக்கு எங்காலுமேல கைய வச்சாச்சு." பிறகு சொன்னாள்: "கோச்சுக்கு வாரேன்னு சொல்லிட்டேன். இப்பக் கோயிலுக்குத்தான் கெளம்பிட்டேன். உளிய அப்பாகிட்ட இருந்து வாங்கியாச்சு. நானே பேக்குறேன். ஒடஞ்சா எங்கையால ஒடையட்டும். நீங்க பேனாவக் கீழ வச்சா போதும்."

"முடிவு?"

"ஒங்களுக்கு எதுக்கு சார் அது?"

5

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இந்தக் கடைசிப் பகுதியைக்கூட அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்; காலைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. குதிரைகளுக்கு நடுவே காற்று போகிற சத்தம் கேட்கிறது. அவள் இன்னும் முதல் அடி அடிக்கவில்லை. எதற்குக் காத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"நீங்க வச்சுட்டீக சார். படிக்கிறவுக இன்னும் வைக்கலயே" என்கிறாள்.

நான்காம் பகுதியைத் தாண்டும்போதே நீங்கள் மனசுக்குள் ஒரு முடிவு நினைத்திருப்பீர்கள். என்னவென்று என்னிடம் சொல்ல வேண்டாம். நல்லதாக இல்லையென்றால் மட்டும், அவள் கையை ஓங்குவதற்குள், தயவுசெய்து மாற்றி நினைத்துவிடுங்கள்.