இங்கிலாந்திலிருந்து நேரே

கார் கதவுகளை ஈர உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கிளைவின் விரல்நுனிகள் புண்ணாகியிருந்தன. கிட்டார் கம்பியைத் தொட்டால் உயிர் போனது. போகட்டும், இன்னும் மூன்றே வாரம்! மெல்போர்னில் இசைத்தட்டுப் பதிவு. அவன் எழுதி, அவனே பாடும் பாட்டு.

அவன் இசைக்குழுவின் நான்கு பையன்களும் பெற்றோரோடு ஒரே கப்பலில் அடிலெய்டில் வந்திறங்கி மூன்று வருஷமாகிறது. எலிசபெத் என்ற புறநகரில் ஒரே தெருவில் வீடு, ஒரே கார் தொழிற்சாலையில் வேலை. ஆனால் நிகழ்ச்சி பிடித்துத் தரும் மெர்வ் ஒட்டும் சுவரொட்டியில் மட்டும் அவர்கள் ‘இங்கிலாந்திலிருந்து நேரே’ வந்தவர்கள்.

"இங்க குடியிருக்கோம்னு மூச்சு விடாதீங்க. நேத்துதான் கப்பல்ல இறங்கினோம்னு சொல்லுங்க, அதுக்குத்தான் கூட்டமே வருது" என்பான் மெர்வ்.

குழுவில் டிரம் வாசிக்கும் ராய் மதியம் மூச்சிரைக்க ஓடிவந்தான். "டேய், உங்கம்மா கேட்ல நிக்கிறாங்க. ராணுவத்துலேர்ந்து உனக்குக் கடுதாசி."

இருபது வயதானவர்கள் பெயர் பதிய வேண்டும். குலுக்கலில் பிறந்த தேதி வந்தால் ராணுவம், அங்கிருந்து வியட்நாம். ராய் பதிந்தான். கிளைவ் பதியவில்லை. "நம்ம பாஸ்போர்ட் இங்கிலாந்துடா, இது அவனுங்க சண்டை" என்று சிரித்தான். இங்கே குடியிருக்கும் ஆங்கிலேயனுக்கும் சட்டம் உண்டு, பதியாதவனுக்குக் குலுக்கலே கிடையாது, நேரே கூட்டிப்போவார்கள் என்று இப்போது கடிதம் சொன்னது.

ராய் கடிதத்தை மடித்துக் கொடுத்தான். "ரெண்டு பேருக்கும் ஒரே பிறந்தநாள்டா. நம்ம தேதி வரவே இல்ல. நீ பேரைக் குடுத்திருந்தா..."

கிளைவ் ராயையும் இழுத்துக்கொண்டு மெர்விடம் ஓடினான். "நீதானே இங்க இருக்கறவன்னு காட்டிக்காதேன்னே?"

"மேடையிலன்னுதானப்பா சொன்னேன்! சரி, ஆனது ஆச்சு. பேரின்னு ஒருத்தன் இருக்கான், உன் எடத்துல பாடட்டும், குரல் உன்னை மாதிரியே. இந்த ஊர்ல பொறந்தவன், அதான் பேச்சு இடிக்குது. கொஞ்சம் கத்துக்குடேன், நல்ல பையனில்ல நீ."

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். மெல்போர்ன் போகும் ஆசையோடு நின்ற ராயின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. ஆறு நாள் மாலையில் தன் பாட்டைத் தன் ஊர் உச்சரிப்பில் அந்தப் பேரிக்குச் சொல்லிக்கொடுத்தான். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

ராணுவ முகாமுக்குப் போகும் பஸ், அவர்கள் வாசிக்கும் நடன அரங்கத்தைத் தாண்டியது. முடியை ஒட்ட வெட்டியிருந்த அவன் தலை ஜன்னலில் இடித்தது. சுவரில் நான்கு முகங்கள். ஒன்றின் மேல் புதிதாகப் பேரியின் முகத்தை ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை.

பக்கத்தில் இருந்தவன் சுவரொட்டியைப் படித்துவிட்டு முழங்கையால் இடித்தான். "ஏய் இங்கிலீஷ்காரா, நாலு பேரும் உங்க ஊரா?"

"மூணு பேரு" என்றான் கிளைவ்.